பின்சுவரில் வைத்த தட்டு

தொண்ணூறாம் வருடம். வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கிய புதிது. புது மாவட்டம் என்றால் புது அலுவலகங்கள். புது அலுவலகங்கள் என்றால் டைப் அடிக்க ஆள் வேண்டும். வேலூரில் சிவனே என்று உட்கார்ந்திருந்த என்னை நேராகச் சிவன் ஊருக்கே மாற்றல் போட்டுவிட்டார்கள். கிறிஸ்தவளான நீ இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். இதற்கு ஈடான சொலவடை எங்களிடம் இல்லை.

வீடு தேடித்தான் நாக்குத் தள்ளியது. சித்திரை வெயிலில் ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கணவரும் தெருத் தெருவாக அலைந்தோம். வாடகை சரி, அட்வான்ஸ் சரி என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஒரு கேள்வி வரும். கிறிஸ்தவர்கள் என்று சொன்னால், "சொந்தக்காரங்க யாரோ வர்றதா சொன்னாங்க, கேட்டுட்டுச் சொல்றோம்" என்பார்கள். இப்படி ஐந்து வீட்டுக்கு ஐந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

ஆறாவது வீடு, செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு போர்ஷன்கள். வீட்டுக்கார அம்மா எதிர் வீட்டிலேயே இருந்தார். அவரும் "கறி ஆக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு இழுத்தார். அப்போது பக்கத்துப் போர்ஷன் வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"குடுத்துடுங்கம்மா. கைக்கொழந்தைய வச்சிக்கினு வெயில்ல அலையுதுங்க. கறி வாசன வந்தா நான் மூக்க மூடிக்கிறேன்."

அவர்கள் சுத்த சைவம். மறுக்க உரிமை இருந்த ஒரே ஆள் அவர்தான். அவரே சொன்ன பிறகு வீட்டுக்கார அம்மா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெண் எனக்கு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். அவர் கணவர் தனியார் பஸ்ஸில் டிரைவர். மாமியார் உண்டு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் உண்டு.

இரண்டு வீட்டுக்கும் பின்கட்டு ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவர்தான் எங்கள் பேச்சு மேடை. துணி துவைத்தபடி, பாத்திரம் தேய்த்தபடி பேசுவோம். நிமிர்ந்தால் எதிரே மலை. இந்த ஊரில் எந்த வீட்டுப் பின்கட்டில் நின்றாலும் மலை தெரியும் என்பதால் அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை. அக்கா மட்டும் காலையில் முதல் வாளி தண்ணீர் பிடித்ததும் ஒரு முறை மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் எதையாவது தேய்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். பக்தியுள்ள குடும்பத்தில் வளர்ந்தவள் நான். எது ஆகும், எது ஆகாது என்று எனக்கு மனப்பாடம்.

அந்த வருடக் கார்த்திகை தீபம் வந்தது. ஊரே தலைகீழாகக் கிடந்தது. எங்கள் தெருவில்கூடக் கால் வைக்க இடமில்லை. மாலை ஆறு மணிவாக்கில் மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் அரோகரா என்று ஒரு சத்தம் எழும்பியது. என் வீட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அக்கம்பக்கத்து வாசல்களில் எல்லாம் அகல் ஏற்றினார்கள். அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத பெண்கள் மலையில் தீபத்தைப் பார்த்து, வீட்டில் விளக்கேற்றிப் படைத்த பிறகுதான் வாயில் எதையாவது வைப்பார்கள். சற்று நேரத்தில் பின்சுவரில் வளையல் உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சுவர்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வாழைநாரால் கட்டிய ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது.

"முருங்கக்கீர அடை, வெல்ல அப்பம். படைக்காததுதாம்மா. தனியா எடுத்து வச்சது. பயப்படாம சாப்புடு" என்றார் அக்கா.

நான் கேட்காமலேயே சொன்னார். கிறிஸ்தவர்களில் பலர் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு யோசித்தேன். சாமிக்கு வைப்பதற்கு முன்னால் இவர்கள் யாருக்காவது எடுத்துக் கொடுப்பார்களா? அடுப்பில் கொதிப்பதை முகர்ந்து பார்த்தாலே தப்பு என்பவர்கள் ஆயிற்றே! ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கல். நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சும்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். டைப் அடிக்கிறவளுக்குப் பிழை பட்டென்று கண்ணில் படும். மற்றவர்கள் பிழை மட்டும்.

பின்பக்கச் சந்தில் பால்காரர் ஒருவர் பசுமாடு கட்டியிருப்பார். இலையோடு கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தேன். மாடு இலையையும் சேர்த்துத் தின்றது. வீட்டுக்குத் திரும்பித் தட்டைக் கழுவினேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுச் சுவர்மேல் வைத்தேன். எப்படி இருந்தது என்று அக்கா கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

படையல் விஷயத்தில் அவ்வளவு பயந்தவளுக்குப் பொய் சொல்லக் கொஞ்சமும் பயம் வரவில்லை பாருங்கள்.

அதன்பிறகு பொங்கல், பிள்ளையார் சதுர்த்தி, ஆயுத பூஜை, மறுபடி கார்த்திகை என்று தட்டு வந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் மட்டும் பக்கத்துப் பின்கட்டுச் சாய்ப்பிலிருந்து பம்ப் ஸ்டவ் இரையும் சத்தம் மத்தியானத்திலிருந்தே கேட்கும். பண்டிகையாயிற்றே, ஒரு அடுப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் தட்டு வரும், ஒவ்வொரு முறையும் மாடு தின்னும், ஒவ்வொரு முறையும் ரொம்ப நல்லா இருந்துச்சு என்பேன். ஒரு கட்டத்தில் நான் சந்துக் கதவைத் திறந்தாலே அந்த மாடு எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு நடுவே எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சள் பூத்துப் படுத்துக் கிடந்தேன். அக்கா ஏழு நாள் காலையிலும் கீழாநெல்லியை மைபோல் அரைத்து, மோரில் கலக்கி, சுவரைச் சுற்றி வாசல் வழியாகவே வந்து என் தலையைத் தூக்கிக் குடிக்க வைத்தார். அதே வீட்டு அம்மி, அதே கை. அதைக் குடிக்கும்போது இது எங்கிருந்து வந்தது, எதன் முன்னால் இருந்தது என்று எந்தக் கேள்வியும் எனக்கு வரவில்லை. உயிர்மேல் ஆசை இருந்தால் கேள்வி வராது போலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நானும் தட்டு அனுப்புவேன். கலகலா, முறுக்கு, ரவா உருண்டை. முட்டை போட்ட கேக்கைத் தவிர்த்துவிடுவேன். அதுவரைக்கும் எனக்கு அறிவிருந்தது. ஆனால் அவற்றைச் சுட்ட எண்ணெய் எந்தச் சட்டியில் இருந்தது, முந்தின வாரம் அந்தச் சட்டியில் என்ன பொரித்தேன் என்றெல்லாம் யோசித்ததில்லை. அக்கா கேட்டதுமில்லை. என் கண்ணெதிரிலேயே ஒரு கலகலாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உங்க சாமி பொறந்த நாளு நல்லா மொறுமொறுன்னு இருக்குது" என்பார்.

எங்கள் சபையில் வியாழக்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். வாரம் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததை எழுந்து நின்று சொல்வது. என் முறை வந்தபோது நான் இந்தத் தட்டுக் கதையைச் சொன்னேன். கோயில் ஊரில், நாலு பக்கமும் விக்கிரக ஆராதனைக்கு நடுவில், நாலு வருடமாக ஒரு துண்டுகூட வாயில் படாமல் என்னைக் காத்துக்கொண்டேன் என்றேன். மாடு எழுந்து நிற்பதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். முடித்ததும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். போதகரின் மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

தொண்ணூற்றைந்தாம் வருடத் தீபம். அந்த முறை கூட்டம் ஜாஸ்தி. சந்தெல்லாம் வெளியூர் ஆட்கள் படுத்துவிடுகிறார்கள் என்று பால்காரர் முந்தின நாளே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது தெரியாது. வழக்கம்போல் தட்டு வந்தது, வழக்கம்போல் இலைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சந்துக் கதவைத் திறந்தால், முளைக்குச்சி மட்டும் இருக்கிறது. யாரோ பத்துப் பேர் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடமாவது கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. பொட்டலத்தைச் சுவரோரம் ஒரு ஓட்டுச் சில்லுக்குப் பின்னால் செருகிவிட்டு, காலையில் மாடு வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். தட்டில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு என்றும் சொன்னேன்.

விடிந்ததும் நான் சந்துக் கதவைத் திறந்தபோது, அக்காவும் குப்பை கொட்ட அவர் வீட்டுச் சந்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நாய் ஒன்று பொட்டலத்தைப் பிரித்து அங்கங்கே இழுத்துப் போட்டிருந்தது. அவர் கட்டிய வாழைநார் முடிச்சு அவிழாமல் அப்படியே கிடந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அடைகளில் எறும்பு மொய்த்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நேத்து வயிறு சரியில்லக்கா" என்றேன்.

அக்கா குனிந்து, துடைப்பத்தால் எல்லாவற்றையும் முறத்தில் தள்ளினார். எறும்பு ஊர்ந்த துண்டுகளையும் ஒன்று விடாமல் எடுத்தார். நிமிர்ந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. வேற ஏதாவது செஞ்சிக் குடுத்திருப்பேன்."

நல்லா இல்லை, ருசி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாரா, இல்லை, உள்ளதெல்லாம் புரிந்துகொண்டு என் மானம் போகாமல் இருக்க அப்படிச் சொன்னாரா? இத்தனை வருடம் கழித்தும் எனக்கு விளங்கவில்லை. திட்டியிருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் சுவரோரம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். தண்ணீர் வந்ததா, பிள்ளைக்குச் சளி விட்டதா என்ற பேச்சு. இன்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கிறிஸ்துமஸுக்கு நான் தட்டு அனுப்பினேன். எப்போதும்போல ஒரு கலகலாவை என் எதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டார். ஆனால் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. என் தட்டும் திரும்பி வரவில்லை. அன்று மத்தியானம் பம்ப் ஸ்டவ் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஏன் என்று அப்போதும் யோசிக்கவில்லை.

மாசி மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அவர் கணவர் ஓட்டிய பஸ்ஸை முதலாளி விற்றுவிட்டார். கோலார் பக்கம் இருக்கும் கொழுந்தனார் அங்கே லாரி ஓட்டக் கூப்பிடுகிறார் என்றார்கள். கிளம்பும் நாள் எனக்குத் தெரியும். லீவு போட்டிருக்கலாம். அன்று தலைபோகிற வேலை எதுவும் இல்லை. சாமான் ஏற்றும்போது எதிரே நிற்கத் தைரியம் இல்லாமல் ஆபீஸுக்குப் போய், ஒரே கடிதத்தை மூன்று முறை தப்பாக அடித்துக் கிழித்தேன்.

முதல் நாள் மாலை மட்டும் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றோம். "அங்க மலையெல்லாம் இருக்குமாக்கா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"எந்த மல இருந்தா என்னாமா? தீபத்துக்கு இங்க வந்துடுவேன். இந்த மலைய சுத்தாம எனக்கு வருஷம் போவாது" என்றார்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது பக்கத்து வாசலில் பூட்டுத் தொங்கியது. பின்கட்டுக்குப் போனேன். சுவர்மேல் என் கிறிஸ்துமஸ் தட்டு இருந்தது. வெறும் தட்டாக இல்லை. நடுவில் ஒரு பாக்கெட் பிஸ்கட். கடையில் ஒட்டிய காகிதம் பிரிக்காமல், ஒரு மடிப்புகூடக் கசங்காமல் இருந்தது. யார் கையும் படாத, எந்த அடுப்பிலும் ஏறாத, எந்த விளக்கின் முன்னாலும் வைத்திருக்க முடியாத ஒரு பொருளைத் தேடி எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். என் கணவர் வந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்கிறார். பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி என்னவென்று சொல்வது?

கதை அத்துடன் முடிந்திருந்தால் கொஞ்சம் அழுது மறந்திருப்பேனோ என்னவோ. அந்தக் கோடையில் புதுக் குடித்தனம் வருகிறது என்று வீட்டுக்கார அம்மா பக்கத்துப் போர்ஷனைச் சுத்தம் செய்தார். பின்கட்டுச் சாய்ப்பிலிருந்து ஒரு சின்ன பம்ப் ஸ்டவ்வும், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான ஒரு தோசைக்கல்லும் எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இத நீயே வச்சிக்கமா. உன்னுதுதான்."

"என்னுது இல்லைங்களேம்மா."

"உனக்குன்னு வாங்கினதுதானே? உனக்குத் தெரியாதா?" என்று ஆச்சரியப்பட்டார் அவர். பிறகு அங்கேயே நின்றுகொண்டு சொன்னார். "நீ குடிவந்த வருஷம் தீபத்துக்கு ரெண்டு நாளு முன்ன எங்கிட்ட வந்தா. சாமிக்கு வச்சத அந்தப் பொண்ணு துண்ணாது. சாமிக்கு முன்ன எடுத்துக் குடுத்தா எங்க சாமிக்கு ஆவாது. என்னா பண்றதும்மான்னு கேட்டா. எனக்கு இன்னா தெரியும்? வுட்டுடுடின்னேன். அவதான் யோசன பண்ணி, ரெண்டு வூட்டு சமையலா செஞ்சிட்டாப் போச்சுன்னு இத வாங்கியாந்தா. தனி மாவு, தனி எண்ண, தனி கல்லு. சாய்ப்புல உக்காந்து உன்னுத மொதல்ல சுட்டு மூடி வச்சிட்டு, திரும்பத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வந்துதான் சாமிக்கு அடுப்பு பத்த வைப்பா. பச்சத் தண்ணி பல்லுல படாத வெரதம். உப்பு சரியா இருக்குதான்னுகூட வாயில வச்சிப் பாக்க முடியாது. மாமியாக்காரி கத்துவா. ரேசன் கிருஷ்ணாயில்ல மிச்சம் புடிச்சி இதுக்குன்னு ஒரு பாட்டில் வச்சிருந்தா. ஒரு பண்டிக வுட்டதில்ல."

நான் அந்த ஸ்டவ்வைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் இரைச்சல் ஐந்து வருடமாக என் காதில் விழுந்திருக்கிறது. படைக்காததுதாம்மா என்று அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. என் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று பட்டினி வயிற்றோடு இரண்டு முறை குளித்து, இரண்டு அடுப்பு மூட்டியிருக்கிறார். அதை நான் மாட்டுக்குப் போட்டுவிட்டு, எழுந்து நின்று சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன். உன்னைப்போல் பிறனையும் நேசி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அதை ஒரு நாளும் படிக்காத ஒரு பெண் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெங்களூர் வண்டி டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லாரிடமும் விசாரித்தேன். அவர் கணவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இருக்கிற இடம் தெரிந்தவர்கள் இல்லை. கோலார் பக்கம் என்றால் எந்தக் கோலார், எந்தப் பக்கம்? அப்போது கையில் போனா இருந்தது?

தீபத்துக்கு வருவேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா? அந்த வருடத் தீப நாளன்று மத்தியானமே வீட்டைவிட்டுக் கிளம்பினேன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். மலை சுற்றுகிறவர்கள் எப்படியும் அந்த இடத்தைக் கடந்துதானே ஆக வேண்டும்? ஆயிரக்கணக்கில் முகங்கள் வந்துகொண்டே இருந்தன. அக்காவைப்போல் நடுவகிடும் வட்டப் பொட்டுமாக யார் வந்தாலும் எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தவர்கள் பின்னாலேயே சிறிது தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உச்சியில் தீபம் ஏறியது. பாதையில் இருந்த எல்லாரும் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். நான் ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்கள் முகங்களையே பார்த்து நின்றேன். அக்கா வரவில்லை. வந்தும் என் கண்ணில் படவில்லையோ, தெரியாது.

எங்கள் சபைப் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் எதற்கோ வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில், "தீபத்தன்னைக்குக் கிரிவலத்துல நின்னீங்களாமே?" என்று கேட்டுவிட்டார்கள். சரி என்று எழுந்து நின்றேன். முன்பு சொன்ன சாட்சி பொய் என்று ஆரம்பித்து, ஸ்டவ்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஸ்தோத்திரமும் சொல்லவில்லை. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது போதகரின் மனைவி பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கும் எதிர்வீட்டுலருந்து வரும்மா. எனக்கும் அந்த மாதிரி ஒரு மாடு இருக்கு" என்றார்.

இந்த ஊரில் எத்தனை சுவர்கள்மேல் எத்தனை தட்டுகள் அப்படி வந்தனவோ என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எங்களுக்குப் போளூர் ரோட்டில் சொந்த வீடு இருக்கிறது. படைத்ததை நான் இன்றைக்கும் சாப்பிடுவதில்லை; அது என் மனசாட்சி. ஆனால் கொடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, "எங்க வழக்கத்துல இது இல்லைங்க, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வராமல்தான் ஐந்து வருடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஜைனக் குடும்பம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாக விவசாயம் செய்தவர்கள். முட்டை ஆகாது, கிழங்கு ஆகாது, பொழுது சாய்ந்தால் சாப்பாடே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணிக்கே நான் அந்தப் பழைய பம்ப் ஸ்டவ்வை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வேன். புது எண்ணெய், தனிச் சட்டி. சீக்கிரம் இருட்டிவிடும் மாதம் என்பதால் நாலரைக்குள் சுட்டு முடித்து, வெயில் இருக்கும்போதே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு இரண்டு இருக்கும்போது இந்தக் கிருஷ்ணாயில் நாற்றம் எதற்கு என்று மகள் கேட்பாள். அவளுக்கு ஒரு முறை முழுக்கதையும் சொன்னேன். அதன்பிறகு அவளே பம்ப் அடித்துத் தருகிறாள்.

தீபத்தன்று மட்டும் ஒரு வேலையும் ஓடாது. அரோகரா சத்தம் எழும்பி அடங்கியதும், என் காது தானாகவே பின்பக்கம் போகிறது. இந்த வீட்டில் பின்சுவர் ஆளுயரத்துக்கு இருக்கிறது. அதன்மேல் யாரும் தட்டு வைக்க முடியாது. என்றாலும் ஒரு வளையல் உரசாதா என்று இருக்கிறது. அக்கா எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் விளக்கேற்றி முடித்து, அன்றைய முதல் வாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்வேன்.

ரொம்ப நல்லா இருந்துச்சு என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உப்புகூடப் பார்க்காமல் அவர் சுட்ட அந்த அடையின் ருசி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.